இரு திசையிலும் ஓடும் பாய்மரப் படகில் வழிகாட்டிக் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரணப் படகில் அணியம் (முன்முனை) எது, பின்புறம் எது என்பது படகு கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. விற்பனைக்கு வரும் எல்லாக் கருவிகளும் அதை நம்பித்தான் வேலை செய்கின்றன. புரோவா வகைப் படகில் அந்த நம்பிக்கை ஒரே பிற்பகலில் பத்து தடவை பொய்யாகும். அப்படிப்பட்ட படகில் திசைகாட்டி, காற்றுமானி, ஆட்டோபைலட், ராடார் போன்றவற்றைப் பொருத்த நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களும் கீழே.

இரு திசையிலும் ஓடும் படகு என்றால் என்ன?

ஒரு பெரிய உடல், அதற்குப் பக்கத்தில் கம்புகளால் இணைத்த ஒரு சின்ன மிதவை. மரபு வகையில் மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏறும்போது, மற்றப் படகுகளைப் போல அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்ப முடியாது. படகை நிறுத்தி, பாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோய், வந்த வழியின் பின்பக்கமாகவே கிளம்ப வேண்டும். இதற்கு ஷண்டிங் என்றே பெயர். மின்சார ரயிலில் ஓட்டுநர் கடைசிப் பெட்டிக்கு நடந்துபோய் அங்கிருந்து ஓட்டுவாரே, அதே கதைதான்.

பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகள், கிரிபாட்டி, கரோலின் தீவுகள் ஆகியவற்றின் மரபு இது. 1521-இல் குவாம் பக்கம் வந்த மகெல்லன் குழு இந்தப் படகுகளின் பாய்களைப் பார்த்து அசந்துபோய்த் தீவுகளுக்கே பாய்களின் பெயரை வைத்தது. அவற்றைச் செலுத்தியவர்களுக்கு நட்சத்திரமும் அலையும் போதும். முனை மாறினால் நட்சத்திரம் குழம்பாது. குழம்புவது நம் பெட்டிகள்தான். மிதவையைக் காற்று போகும் பக்கம் வைக்கும் வகையும் உண்டு: டிக் நியூவிக் வடிவமைத்த ‘சியர்ஸ்’ 1968-இல் அட்லான்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. கருவிகளைப் பொறுத்தவரை இரண்டு வகைக்கும் சிக்கல் ஒன்றே. இரண்டு பக்கமும் ஓடும் கார் ஏற்றும் ஃபெர்ரிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் அவற்றில் கட்டுப்பாட்டு மேடையே பெரும்பாலும் இரண்டு திசைக்கும் தனித்தனியாக இருக்கும், செலவழிக்கப் பணமும் இருக்கும்.

திசையோடு 180 டிகிரி கூட்டினால் முடிந்தது இல்லையா? இதில் என்ன பெரிய விஷயம்?

கூட்டல் எளிது. எதற்குக் கூட்டுவது, எங்கே கூட்டுவது, எப்போது கூட்டுவது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

முதலில் முனைகளுக்கு நிரந்தரப் பெயர் வையுங்கள். எங்கள் படகில் ஒரு முனையில் மஞ்சள் பட்டை, மறுமுனையில் நீலப் பட்டை. (சிவப்பும் பச்சையும் வேண்டாம், விளக்குகளோடு குழம்பிவிடும்.) ‘முன்’, ‘பின்’ என்ற சொற்களை வயரிங் படத்தில் எழுதவே கூடாது. எல்லா சென்சார்களையும் மஞ்சள் முனைதான் அணியம் என்று நினைத்துப் பொருத்துங்கள்.

இப்போது ஒரு கணக்கு. மஞ்சள் முனை முன்னால் போகும்போது மிதவை வலப்பக்கம். காற்று நேர் கிழக்கிலிருந்து, அதாவது 090-லிருந்து வருகிறது. மஞ்சள் முனை 030-ஐப் பார்த்துப் போகிறது. காற்று வலப்பக்கம் 60 டிகிரியில். முனை மாற்றுகிறோம். இனி நீல முனை முன்னால், காற்று இடப்பக்கம் 60 டிகிரியில் இருக்க வேண்டும். எனவே நீல முனை 150-ஐப் பார்க்கும். அப்போது மஞ்சள் முனை 330-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். போகும் திசை 120 டிகிரி மாறியது, படகின் உடல் திரும்பியதோ 60 டிகிரி மட்டும். புரோவாவின் அழகே இதுதான்.

சென்சார்கள் சொல்வது: முகத்திசை (அணியம் என்று கொண்ட முனை பார்க்கும் திசை) 330, காற்றுக் கோணம் வலம் 120. இரண்டையும் 180 திருப்பினால் முகத்திசை 150, காற்று இடம் 60. காற்று எங்கிருந்து என்று கேட்டால் 150-லிருந்து 60 கழித்து 090. சரி. இரண்டையும் திருப்பாமல் விட்டால் 330-உடன் 120 கூட்டி 450, அதாவது 090. இதுவும் சரி! காற்றை மட்டும் திருப்பி முகத்திசையை மறந்தால்? 330-லிருந்து 60 கழித்து 270. கிழக்குக் காற்று மேற்குக் காற்றாகிவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் திருப்பு, அல்லது எதையும் திருப்பாதே. பாதி திருப்பியதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

எதையெல்லாம் திருப்ப வேண்டும்? எதைத் தொடக்கூடாது?

படகின் உடலை வைத்து அளக்கப்படுவதெல்லாம் திரும்பும். பூமியை வைத்து அளக்கப்படுவது எதுவும் திரும்பாது.

முகத்திசைக்கு 180 கூட்ட வேண்டும். தோற்றக் காற்றின், அதாவது ஓடும் படகில் உணரப்படும் காற்றின், கோணத்துக்கும் அப்படியே. முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு இரண்டுக்கும் குறியை மாற்ற வேண்டும்: அணியம் தூக்கியது இப்போது பின்புறம் தூக்கியது, வலப்பக்கம் சாய்ந்தது இப்போது இடப்பக்கம். ஜிபிஎஸ் தரும் இடம், வேகம், தரைமீது படகு போகும் திசை ஆகியவற்றில் கைவைக்காதீர்கள். படகு எந்த முனையால் போகிறது என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பலர் இடறும் இடம் திரும்பும் வேகம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை டிகிரி சுழல்கிறது என்பது. அதற்குக் குறி மாற்றக்கூடாது. மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று எந்த முனையிலிருந்து பார்த்தாலும் கடிகாரச் சுற்றுதான். முகத்திசையோடு சேர்த்து இதையும் திருப்பிவிட்டால் ஆட்டோபைலட் வளைவை அடக்குவதற்குப் பதிலாக இன்னும் தூண்டிவிடும்; படகு பாம்பு போல நெளியும்.

காந்த விலக்கம், அதாவது வரைபடத்தில் போட்டிருக்கும் வட திசை வேறுபாடு, இடத்தைப் பொறுத்தது, மாறாது. படகின் இரும்பால் வரும் பிழை மட்டும் கொஞ்சம் நுட்பமானது. அது சென்சாரையும் எஞ்சினையும் பொறுத்தது, எந்த முனை முன்னால் போகிறது என்பதைப் பொறுத்தது அல்ல. அதனால் முதலில் அந்தப் பிழையைத் திருத்திவிட்டு, அதன் பிறகு 180 கூட்ட வேண்டும். வரிசை மாறினால் 330-க்கான திருத்தத்துக்குப் பதிலாக 150-க்கான திருத்தத்தைப் போட்டுவிடுவீர்கள். இதே காரணத்தால்தான் சென்சாரைக் கழற்றித் திருப்பி வைக்கும் யோசனையும் வேண்டாம்: தானாக அளவுதிருத்தம் செய்துகொள்ளும் திசைகாட்டி, கற்றதையெல்லாம் மறந்து தவறாகக் கற்கத் தொடங்கும்.

எந்த இடத்தில் திருப்புவது நல்லது?

மூன்று வழிகள் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, எல்லாமே இரட்டை. இரண்டு திசைகாட்டி சென்சார்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். ஒரு சுவிட்ச் ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்து மற்றதை நிறுத்தும். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இது நல்ல வழி. குறை என்னவென்றால், கைரோ (சுழற்சியை அளக்கும் கருவி) உள்ள சென்சார்கள் மின்சாரம் வந்ததும் உடனே நிதானத்துக்கு வராது; முனை மாற்றிய கையோடு திசை தேவைப்படும் நேரத்தில் அது தடுமாறிக்கொண்டிருக்கும். இரண்டையும் உயிரோடு வைத்து, எதைக் கேட்பது என்று திரையின் மெனுவில் மாற்றலாம் என்றால், ஈரக் கையோடு ஐந்து தடவை தட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு, ஒவ்வொரு கருவியின் அமைப்பிலும் உள்ள ‘ஆஃப்செட்’ எண்ணை, அதாவது அளவோடு கூட்டும் திருத்தத்தை, மாற்றுவது. துறைமுகத்தில் உட்கார்ந்து யோசிக்கும்போது நன்றாக இருக்கும். கடலில் ஒன்றை மறப்பீர்கள்.

மூன்று, சென்சார்களுக்கும் திரைகளுக்கும் நடுவில் ஒரு பாலம். நான் சொல்வது இதைத்தான். கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்எம்இஏ 2000 கம்பியை இரண்டு துண்டாக்கி, ஒரு பக்கம் சென்சார்கள், மறுபக்கம் திரைகளும் ஆட்டோபைலட்டும், நடுவில் அந்தக் கம்பியோடு பேசும் இரண்டு கேன் (CAN) இணைப்புகள் உள்ள ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். சென்சார் பக்கம் எப்போதும் மஞ்சள் முனைக் கணக்கு. திரைப் பக்கம் எப்போதும் இப்போதைய அணியத்தின் கணக்கு. திருப்பும் வேலை முழுக்க ஒரே இடத்தில், ஒரே நொடியில் நடக்கும். படகில் சிக்னல் கே சர்வர் (கருவிகளின் தரவைத் திரட்டித் தரும் நிரல்) ஓடினால், மூலத் தரவு உள்ளே வரும் வாசலிலேயே இதைச் செய்து, ஓபன்சிபிஎன் போன்ற வரைபட நிரலுக்கு அனுப்பலாம். அங்கே கோணங்கள் எல்லாம் ரேடியனில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். 180 என்று எழுதினால் வேடிக்கையாகிவிடும்.

எந்த வழியானாலும், மெய்க்காற்று (படகின் ஓட்டத்தைக் கழித்த உண்மைக் காற்று) போன்ற கணக்கிட்ட அளவுகளைத் திருப்பாதீர்கள். மூல அளவுகளைத் திருப்பி, மற்றதை மீண்டும் கணக்கிட விடுங்கள்.

பாலத்துக்கு நிரல் எழுதும்போது எங்கே தவறு வரும்?

என்எம்இஏ 2000-இல் முகத்திசை 127250 என்ற செய்தியில் வருகிறது. அலகு 0.0001 ரேடியன், 16 பிட் முழு எண். 330 டிகிரி என்பது 57596. அரைச்சுற்று 31416, முழுச்சுற்று 62832. கூட்டினால் 89012, முழுச்சுற்றைக் கழித்தால் 26180. அதுதான் 150 டிகிரி. இதுவரை சுகம்.

சென்சாரிடம் அளவு இல்லாதபோது அது 65535 அனுப்பும். ‘என்னிடம் பதில் இல்லை’ என்று பொருள். அதற்கும் கண்ணை மூடிக்கொண்டு 31416 கூட்டினால் 34119 வரும், அதாவது 195.5 டிகிரி. செத்துப்போன சென்சார் திடீரென்று நம்பிக்கையோடு தெற்குப் பக்கத்தைக் காட்டும். 62832-க்கு மேல் எது வந்தாலும் அப்படியே கடத்திவிடுங்கள்.

காற்றுச் செய்தி 130306-இல் கோணத்தோடு ‘எதை வைத்து அளந்தது’ என்ற குறிப்பும் இருக்கும். படகை வைத்து அளந்ததை மட்டும் திருப்ப வேண்டும். வடக்கை வைத்து அளந்ததைத் திருப்பினால் மேலே பார்த்த கிழக்கு மேற்குக் குழப்பம்தான்.

பழைய என்எம்இஏ 0183 என்றால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். எண்ணை மாற்றிவிட்டு அதைத் திரும்பக் கணக்கிடாவிட்டால், கருவிகள் அந்த வரியைச் சத்தமில்லாமல் குப்பையில் போடும். ‘என் திசை வரவேயில்லை’ என்ற புலம்பல்களில் பாதி இதுதான்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். பாலம் செயலிழந்தால் தரவு நிற்க வேண்டும். திருப்பாத தரவு ஊடுருவிப் போகக்கூடாது. தவறான திசையைவிட வெறுமையான திரை எவ்வளவோ மேல்.

முனை மாறிவிட்டது என்று கருவிக்கு யார் சொல்வது?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை: ஜிபிஎஸ் சொல்லும் போகும் திசையையும் திசைகாட்டியையும் ஒப்பிட்டு, இரண்டும் எதிரெதிராக இருந்தால் தானாகத் திருப்பிவிடலாம். இதைத் தனியாக நம்பாதீர்கள். முனை மாற்றும்போது படகு கிட்டத்தட்ட நிற்கிறது. நிற்கும் படகின் ஜிபிஎஸ் திசை பைத்தியம் பிடித்தது போலச் சுற்றும். மெல்லிய காற்றில் எதிர் நீரோட்டம் இருந்தால், நீங்கள் முன்னால் போவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது தரையைப் பொறுத்தவரை பின்னால் போய்க்கொண்டிருப்பீர்கள்.

நல்லது கையால் தட்டும் ஒரே சுவிட்ச். பெரியதாக, கையுறையோடு தட்டக்கூடியதாக, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இருட்டில் தடவிப் பார்த்தே தெரிவதாக இருக்க வேண்டும். அழுத்தியதும் பழைய நிலைக்கே எழும் பட்டன் வேண்டாம். அழுத்தினோமா இல்லையா என்று தெரியாது.

அதைவிட நல்லது பாயையே கேட்பது. பாயின் கீழ்மூலை போய் உட்காரும் இடத்தில் இரண்டு முனையிலும் ஒரு ரீட் சுவிட்சும் (காந்தம் நெருங்கினால் மூடும் சுவிட்ச்), பருமலின் (பாயை விரித்துப் பிடிக்கும் கம்பின்) நுனியில் ஒரு காந்தமும். பாய் மஞ்சள் முனையில் பூட்டியிருந்தால் மஞ்சள்தான் அணியம். இதில் வாதமே இல்லை. இரண்டு சுவிட்சும் திறந்திருந்தால் ‘இப்போது மாறிக்கொண்டிருக்கிறது’ என்ற மூன்றாவது நிலை கிடைக்கும். அந்த நேரத்தில் ஆட்டோபைலட்டை ஓய்வில் வைக்கலாம். ஆனால் பாய் இறங்கி எஞ்சினில் போகும்போதும் இரண்டும் திறந்துதான் இருக்கும்; அதற்காகக் கைச் சுவிட்சையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் ஒப்பீட்டைக் காவல்காரனாக மட்டும் வையுங்கள். 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) அளவுக்கு மேல் வேகம், முகத்திசைக்கும் போகும் திசைக்கும் 90 டிகிரிக்கு மேல் வித்தியாசம், இது 20 நொடி நீடித்தால் பஸ்ஸர் அடிக்கட்டும். தானாக எதையும் மாற்ற வேண்டாம்.

காற்றுமானியை எப்படிப் பொருத்துவது?

வழக்கமாகக் காற்றுமானியின் கை அணியத்தை நோக்கி நீண்டிருக்கும், பாயிலிருந்து கிளம்பும் கலங்கிய காற்று படாமல் இருக்க. இங்கே அணியம் மாறும், ஆனால் காற்று வரும் பக்கம் மாறாது. ஆகவே கையை மிதவைப் பக்கம், படகுக்குக் குறுக்காக நீட்டுங்கள். எப்போதும் சுத்தமான காற்று கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் புரோவாக்காரர்கள் மற்றவர்களைவிட அதிர்ஷ்டசாலிகள். கையைக் குறுக்காக வைத்ததால் வரும் 90 டிகிரி வேறுபாட்டை ஒரே ஒருமுறை ஆஃப்செட்டாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம்.

மரபான நண்டுக்கொடுக்குப் பாய் என்றால் இன்னொரு தொல்லை. பாய்மரம் ஒவ்வொரு முறையும் புதிய அணியத்தை நோக்கிச் சாய்கிறது. உச்சியில் இருக்கும் காற்றுமானியும் கூடவே ஒருமுறை மஞ்சள் பக்கம், ஒருமுறை நீலப் பக்கம் சாயும். சாய்ந்த தகட்டில் கோணம் சரியாக வராது. உச்சியில் ஒரு சின்னக் கீல் போட்டுத் தொங்கவிடுபவர்கள் உண்டு. நாங்கள் மிதவையைத் தாங்கும் மேடையில் ஒரு தனிக் கம்பம் நட்டுவிட்டோம். உயரம் குறைவு, அலை மேலே வரும்போது காற்று கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஆனால் கோணம் நிலையாக இருக்கிறது.

இந்தப் படகில் காற்றுமானியின் மிகப் பெரிய பயன் வேகக் கணக்கு அல்ல. காற்று தவறான பக்கம் புகுந்தால் பாய் மரத்தின்மேல் அடித்துக்கொள்ளும், மரமே விழக்கூடும். அதற்கான எச்சரிக்கையை மஞ்சள் முனைக் கணக்கிலேயே, திருப்பாத தரவிலேயே வையுங்கள். மிதவை மஞ்சளுக்கு வலப்பக்கம் என்றால், கோணம் 0 முதல் 180 வரை இருக்கும்வரை பத்திரம். எந்த முனை முன்னால் இருந்தாலும் சரி. இரண்டு ஓரத்திலும் 15 டிகிரி நெருங்கியதும் அலறட்டும். சுவிட்சைத் தட்ட மறந்தாலும் இந்த அலாரம் ஏமாறாது.

திரையின் சராசரிக் கணக்கு வலம் 60-லிருந்து இடம் 60-க்குப் பல நொடி ஊர்ந்து போகும். பாலத்தில் நீங்களே சராசரி எடுத்தால், முனை மாறிய நொடியில் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

நீர்வேகமானி இரண்டு பக்கமும் வேலை செய்யுமா?

சக்கரம் எந்தப் பக்கமும் சுழலும். ஆனால் பெரும்பாலான சக்கர வேகமானிகள் துடிப்புகளை எண்ணுவதோடு சரி, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று சொல்லாது. நமக்கு அது வசதிதான்: முன்னால் என்பது எப்போதும் முன்னால். சிக்கல் வேறு. இதழ்களின் வடிவம் ஒரு பக்க ஓட்டத்துக்கு ஏற்றது, அதனால் மறுபக்கம் ஓடும்போது அளவு மாறும். மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று இரண்டு திருத்த எண்களை எடுத்து, சுவிட்ச் நிலையைப் பார்த்துப் பாலம் பெருக்கட்டும். படகின் சரிநடுவில் பொருத்தினால் நீரோட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

உண்மையைச் சொன்னால், சின்னப் படகில் ஜிபிஎஸ் வேகத்தோடு காலம் தள்ளிவிடலாம். பாசி பிடித்த சக்கரத்தைப் பிடுங்கிச் சுத்தம் செய்யும் வேலையும் மிச்சம்.

ஆழமானி?

நடுவில் வையுங்கள். கீழே பார்ப்பதற்கு முன் ஏது, பின் ஏது. முன்னோக்கிப் பார்க்கும் சோனார் வேண்டுமென்றால் இரண்டு வாங்க வேண்டும்.

ஆட்டோபைலட்டை என்ன செய்வது?

இதுதான் நிஜமாகவே ஆபத்தான பெட்டி. எங்கள் முதல் பருவத்தில் ஒரு மாலை. முனை மாற்றி, பாயை இழுத்துக் கட்டி, படகு வேகம் எடுத்தது. நான் 150 என்று திசை கொடுத்து ஆட்டோபைலட்டை முடுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குனிந்தேன். சுவிட்சைத் தட்டவில்லை. பெட்டியின் கணக்கில் படகு 330-இல் இருக்கிறது, 150-க்கு அரைச்சுற்று திரும்ப வேண்டும். அது கடமை தவறாமல் சுக்கானை முழுக்கத் திருப்பியது. நான் நிமிர்வதற்குள் காற்று மறுபக்கம். பருமல் மரத்தோடு மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாருக்கும் அடிபடவில்லை, ஒரு கயிற்றுக் கண்ணி கிழிந்தது. அன்றிலிருந்து எங்கள் விதி, ஆட்டோபைலட்டுக்கு எண் கொடுக்கக் கூடாது. கையால் திசையைப் பிடித்து, ‘இப்போது இருக்கும் திசையையே வைத்துக்கொள்’ என்று மட்டுமே சொல்ல வேண்டும். சுவிட்ச் தவறாக இருந்தாலும் பெட்டி அரைச்சுற்று அடிக்காது.

அடுத்தது சுக்கானின் குறி. ஒவ்வொரு முனையிலும் தனிச் சுக்கான், தனி மோட்டார் என்றால், ஒவ்வொன்றையும் அதனதன் திசைக்குச் சரியாகப் பொருத்திவிட்டு, எதை ஓட்டுவது என்று மட்டும் சுவிட்ச் தேர்ந்தெடுக்கட்டும். குறி மாற்ற வேண்டியதில்லை. ஒரே மோட்டார் இரண்டு சுக்கானையும் தண்டுகளால் இழுக்கிறது என்றால், இணைப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் குறி மாறலாம். காகிதத்தில் யோசிப்பதைவிடக் கரையில் தள்ளிப் பார்ப்பது மேல்.

எளிய வழி: சுக்கான் பிடியைத் தள்ளும் சின்ன டில்லர் பைலட், முனைக்கு ஒன்றாக இரண்டு. உள்ளேயே திசைகாட்டி இருப்பதால் பாலமும் வேண்டாம், நிரலும் வேண்டாம். ஒரு கண்ணி மட்டும் உண்டு. புரோவாவின் இரண்டு முனைகளும் கண்ணாடிப் பிம்பம் போன்றவை. இரண்டு டில்லர் பைலட்டுகளையும் வசதிக்காக மிதவைப் பக்கமே பொருத்துவீர்கள். ஆனால் ஒன்றுக்கு அது வலப்பக்கம், மற்றதற்கு இடப்பக்கம். ஒன்றின் அமைப்பில் ‘இடப்பக்கம் பொருத்தியது’ என்று மாற்ற வேண்டும். மாற்றிய பின் இரண்டிலும் பட்டை ஒட்டிவிடுங்கள். இடம் மாற்றி வைத்தால் சுக்கான் தலைகீழாகும்.

திறந்த மூல ஆட்டோபைலட்டான பைபைலட் போன்றவற்றில் நிரலுக்குள்ளேயே கைவைக்க முடியும். அப்போதும் காந்தமானியும் கைரோவும் கலந்து திசை கணக்கிட்ட பிறகே 180 கூட்டுங்கள். கலப்பதற்கு முன் கூட்டினால், படகு ஒரு நொடியில் அரைச்சுற்று சுழன்றதாக நினைத்து வடிகட்டி குழம்பிவிடும்.

ராடார்?

ராடார் படம் ஆன்டெனாவின் பூச்சியக் குறியிலிருந்து தொடங்குகிறது. அது மஞ்சள் முனையைப் பார்த்து நிற்கும். திரைக்கு நீங்கள் திருப்பிய முகத்திசையைக் கொடுத்து, ராடாரைத் திருப்பாமல் விட்டால், வடக்கு மேலே வைத்த வரைபடத்தில் எதிரொலிகள் எல்லாம் 180 டிகிரி தள்ளி விழும். வலப்பக்கம் வரும் கப்பல் இடப்பக்கம் தெரியும். இரவில் இதற்கு மேல் மோசமானது இல்லை.

பல ராடார்களில் திசைச் சீரமைப்பு எண்ணை 180 மாற்றலாம், ஆனால் மெனுவின் அடியாழத்தில் இருக்கும். நான் வேறு வழியில் போகிறேன். ராடார் திரைக்கு மட்டும் பாலத்துக்கு முந்தைய, திருப்பாத முகத்திசை போகிறது. படம் எப்போதும் வடக்கு மேலே. எதிரொலிகள் சரியான இடத்தில் விழும். படகின் சின்னம் மட்டும் பின்னோக்கிப் பார்த்தபடி போகும். அது பழகிவிடும். ஆன்டெனாவைச் சாயும் பாய்மரத்தில் ஏற்றாதீர்கள், நிலையான கம்பத்தில் வையுங்கள்.

ஏஐஎஸ் மற்ற கப்பல்களுக்கு என்ன சொல்லும்?

ஏஐஎஸ் என்பது கப்பல்கள் தங்கள் இடம், திசை, வேகத்தை ஒன்றுக்கொன்று வானொலியில் அறிவிக்கும் கருவி. போகும் திசையும் வேகமும் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருவதால் சரியாகவே சொல்லும். முகத்திசை தனிப் புலம். அது இல்லையென்றால் 511 என்ற எண் போகும், ‘கிடைக்கவில்லை’ என்று பொருள். சின்னப் படகுகள் பயன்படுத்தும் ‘பி’ வகுப்பில் முகத்திசை கட்டாயமில்லை. கொடுக்காமல் விடுவதே நல்லது. தவறான முகத்திசை போனால், நீங்கள் 8 நாட் வேகத்தில் பின்னால் ஓடுவதாக எதிரே வரும் கப்பலின் மேடையில் தெரியும்.

படகின் அளவுகளும் ஆன்டெனாவிலிருந்தே சொல்லப்படுகின்றன: அணியத்துக்கு எவ்வளவு, பின்புறத்துக்கு எவ்வளவு, இடம், வலம். முனை மாறினால் நான்கும் ஜோடி ஜோடியாக இடம் மாற வேண்டும். ஆனால் இவை அமைக்கும்போது ஒருமுறை எழுதப்படுபவை. ஆன்டெனாவை நீளவாக்கில் சரிநடுவில் வைத்தால் முதல் ஜோடி சமம். குறுக்குவாக்கில் சில மீட்டர் பிழையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

வழிவிளக்குகளையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, ஒவ்வொன்றும் 112.5 டிகிரி; பின்புறம் வெள்ளை, 135 டிகிரி. இடமும் வலமும் இப்போதைய அணியத்தை வைத்துத்தான். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. வெவ்வேறு பக்கம் காற்று வாங்கும் பாய்ப்படகுகள் இரண்டு சந்தித்தால், காற்றை இடப்பக்கம் வாங்குபவர்தான் வழிவிட வேண்டும். முனை மாற்றும்போது காற்று வாங்கும் பக்கத்தின் பெயரும் மாறுகிறது. நொடிக்கு முன் உரிமையோடு வந்தவர் இப்போது வழிவிட வேண்டியவர். விளக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

20 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு, பாயில் போகும்போது மூன்று நிறமும் ஒன்றாக உள்ள உச்சி விளக்கைப் போடலாம். அப்படி இரண்டு விளக்குகளை, ஒன்றின் மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் வைத்து, இருவழி ரிலே ஒன்றால் மாற்றுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதை மறைக்கும். ரிலே முக்கியம்: இரண்டும் ஒரே நேரத்தில் எரிய வழியே இருக்கக்கூடாது. இதையும் அதே முனைச் சுவிட்சோடு இணைத்துவிட்டால் ஒரு லாபம் உண்டு. சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இரவில் மேலே பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

திரையை எங்கே மாட்டுவது?

ஓட்டுபவர் முனைக்கு முனை நடப்பார், திரை நடக்காது. நடுவில், படகுக்குக் குறுக்காகப் பார்க்கும்படி மாட்டுங்கள். இரண்டு பக்கமிருந்தும் தெரியும். வரைபடம் வடக்கு மேலேயே இருக்கட்டும். அணியம் மேலே என்று வைத்தால், சுவிட்சைத் தட்டிய நொடியில் உலகமே தலைகீழாகச் சுற்றும், நம் தலையும் கூடவே.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கரையில் கட்டியிருக்கும்போது சுவிட்சைத் தட்டுங்கள். முகத்திசை சரியாக 180 மாற வேண்டும், 178 அல்ல. காற்றுக் கோணம் வலமிருந்து இடத்துக்குத் தாவ வேண்டும். ஆழமும் ஜிபிஎஸ்ஸும் அசையக்கூடாது. ஒவ்வொரு சென்சாரின் கம்பியையும் பிடுங்கிப் பாருங்கள்: திரையில் கோடுகள் வர வேண்டும், எண் வரக்கூடாது. பிறகு பாலத்தின் மின்சாரத்தையே நிறுத்துங்கள்.

கடலில் ஒரே சோதனை போதும். நிலையான காற்றில் மஞ்சளால் பத்து நிமிடம், நீலத்தால் பத்து நிமிடம் ஓடி, மெய்க்காற்று வரும் திசையை இரண்டு தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு உங்கள் அணியம் எது என்ற கவலை இல்லை. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சுமார் 180 தள்ளியிருந்தால் ஏதோ ஒன்றைத் திருப்ப மறந்திருக்கிறீர்கள். 10, 15 டிகிரி என்றால் காற்றுமானியின் ஆஃப்செட், அல்லது வேகமானியின் திருத்த எண்.

இவ்வளவும் வேண்டாம், திரவத்தில் மிதக்கும் சாதாரணக் காந்தத் திசைகாட்டி போதும் என்றால்?

தாராளமாக. மேலிருந்து பார்க்கும் வகையாக ஒன்று வாங்கி, நடுவில் வைத்து, திசை படிக்கும் கோடு மஞ்சள் பக்கம் ஒன்று, நீலப் பக்கம் ஒன்று என்று அந்தந்த நிறத்தில் வரைந்துகொள்ளுங்கள். முன்னால் போகும் முனையின் கோட்டில் படியுங்கள். எங்கள் படகில் அது இன்னும் இருக்கிறது. சுவிட்சைத் தட்டியதும் திரையில் வந்த எண்ணை, என் மனைவி அந்தக் கோட்டில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ‘சரி, விடு’ என்பார்.